மோசமான நாளுக்கு அளவெடுங்கள்: பழக்கங்களைத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய நோட்டு ஒன்றை அண்மையில் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஆண்டின் முதல் தேதியிட்டு, பெரிய எழுத்தில் பதினொரு தீர்மானங்கள். காலை 5 மணிக்கு எழுவது, ஓடுவது, தியானம், தினம் முப்பது பக்கம் படிப்பது, நாட்குறிப்பு, கோபப்படாமல் பேசுவது, இன்னும் என்னென்னவோ. பக்கத்தில் கட்டம் போட்டு டிக் அடித்திருக்கிறேன். முதல் மூன்று நாள் பதினொன்றுக்குப் பதினொன்று. ஆறாம் நாள் நான்கு. ஒன்பதாம் நாளோடு டிக்குகள் நின்றுவிட்டன. அடுத்த பக்கத்தில் யாருடைய போன் நம்பரோ கிறுக்கியிருக்கிறது.

ஆரம்ப சூரத்தனம் என்று சொல்லி நம்மை நாமே திட்டிக்கொள்வோம். சோம்பல், மன உறுதி போதாது, நமக்கெல்லாம் இது வராது என்று. எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பட்டியலை எழுதியவன் விடுமுறை நாளில், நன்றாகத் தூங்கி எழுந்து, வேலை ஏதும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவன். அதைச் செய்ய வேண்டியிருந்தவனோ தலைவலியோடு, நேரங்கழித்து வீடு திரும்பியவன். ஒருவனுக்கு அளவெடுத்து இன்னொருவனுக்குத் தைத்த சட்டை அது. பொருந்தாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. எந்தப் பழக்கமானாலும், உங்களுடைய மோசமான நாளில் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் அதன் அளவு. நல்ல நாளில் அதற்கு மேல் செய்தால் சந்தோஷம், ஆனால் அது கணக்கில் வராது. வேலை, பேச்சு, உடலும் மனமும் ஆகிய மூன்று பக்கமும் இதை எப்படிப் பொருத்துவது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

உற்சாகத்தோடு தொடங்க வந்தவரிடம் இப்படிச் சொன்னால் சப்பென்றுதான் இருக்கும். ஆனாலும் ஒரு வாரம் வேடிக்கை மட்டும் பாருங்கள். ஒரு துண்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நண்பகல், மாலை, படுக்கப் போகும் நேரம் என மூன்று வேளையும் இரண்டு வரி எழுதினால் போதும். எப்போது மூளை சுறுசுறுப்பாக இருந்தது, எப்போது சோர்ந்தது, எந்த நேரத்தில் காரணமே இல்லாமல் போனைக் கையில் எடுத்தோம், யாரிடம் பேசிவிட்டு வருத்தப்பட்டோம். நேற்று இரவு எத்தனை மணிக்கு உண்மையில் தூங்கினோம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு.

போனிலேயே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரையைப் பார்த்தீர்கள் என்ற கணக்கு இருக்கிறது. பல போன்களில் எத்தனை முறை திறந்தீர்கள் என்பதும் தெரியும். வாரக் கடைசியில் அதைப் பாருங்கள். மனத்துக்குள் ஒரு எண்ணை ஊகித்துவிட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாக உறைக்கும். நான் ஊகித்ததைப் போல் அது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

இரண்டாம் படி: ஒன்றே ஒன்று

தாளில் இருப்பதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எதை என்று குழப்பம் வந்தால் என் யோசனை இது: தூக்கம் 7 மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் வேறு எதையும் தொடாதீர்கள், அதில் இருந்தே தொடங்குங்கள். வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. தூக்கம் கெட்டவருக்கு வேலையில் கவனமும் நிற்காது, பேச்சில் நிதானமும் இருக்காது. பாதி நேரம் நாம் குணக்கேடு என்று நினைத்துக்கொண்டிருப்பது வெறும் தூக்கக் கேடுதான்.

தூக்கம் சரியாக இருக்கிறதென்றால், எது உங்களை அதிகம் உறுத்துகிறதோ அதை எடுங்கள். அடுத்தவர் எதை எடுத்தார் என்று பார்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: அளவும் கொக்கியும்

அளவு எடுப்பது எப்படி? கடந்த மாதத்தில் உங்களைப் போட்டு வாட்டிய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காய்ச்சல், சண்டை, கடைசி நேர வேலை, எதுவோ. அந்த நாளின் இரவில் உங்களால் எத்தனை பக்கம் படித்திருக்க முடியும்? முப்பதா? அரைப் பக்கம் என்று மனம் சொன்னால், அரைப் பக்கம்தான் அளவு. கேட்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கொக்கி என்பது ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு புதியதை மாட்டிவிடுவது. ‘தினமும் உடற்பயிற்சி செய்வேன்’ என்பது ஆசை. ‘பல் துலக்கிவிட்டுப் பிரஷை வைத்த உடனே, அங்கேயே சுவரில் கை ஊன்றிப் பத்து முறை தள்ளுவேன்’ என்பது கொக்கி. இது நடந்தால் அதைச் செய்வேன் என்று நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைக்கும் இந்த முறையை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் 1990களில் இருந்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார். செய்யும் வேளை வந்ததும் ‘இப்போது செய்யலாமா, அப்புறம் செய்யலாமா’ என்ற விவாதம் எழுவதில்லை என்பதே இதன் பலம். களைத்த மனம் அந்த விவாதத்தில் எப்போதும் ‘அப்புறம்’ பக்கம்தான் சாயும்.

கொக்கிக்கு மணி நேரத்தை விட ஒரு செயல் மேல். ‘7 மணிக்கு’ என்று வைத்தால் 7.20 ஆகிவிட்ட நாளில் ‘இன்று போச்சு’ என்று விட்டுவிடுவோம். ‘செருப்பைக் கழற்றியதும்’ என்று வைத்தால் எத்தனை மணிக்கு வீடு வந்தாலும் செல்லும்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று எங்கும் சொல்கிறார்கள். அந்த எண் பழக்கத்தைப் பற்றியதே அல்ல. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர், அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் போகப் போக உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட நடுவாக (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல்) 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளில் இருந்து 254 நாள் வரை மாறியது; பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிய எண்கள் அதுவரை கிடைத்த தரவை வைத்துக் கணித்தவை. 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று யாரும் நொந்துகொள்ள வேண்டாம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாக எதையும் கெடுக்கவில்லை. நான் எனக்கு வைத்திருக்கும் விதி, ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டு நாள் விடக் கூடாது என்பது. இது ஆய்வு சொன்னதல்ல, என் அனுபவம். இரண்டாம் நாள்தான் நழுவும் இடம்.

நான்காம் படி: வேலை

வேலைப் பக்கம் தொடங்குகிறீர்கள் என்றால், முதல் பழக்கத்தைக் காலையில் வைக்காதீர்கள். முந்தின மாலையில் வையுங்கள். மேசையை விட்டு எழும் முன், கம்ப்யூட்டரை மூடும் முன், ஒரு சின்னத் தாளில் மூன்று வரி:

நாளைக்கு முதலில் தொட வேண்டிய வேலை.
அதில் முதல் அசைவு என்ன.
எங்கே விட்டேன்.

உதாரணத்துக்கு என் மேசையில் இப்போது இருக்கும் தாளைச் சொல்கிறேன். ‘அறிக்கை. மூன்றாம் பகுதியின் கோப்பைத் திறந்து அட்டவணைக்குக் கீழே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் கூட்டுத்தொகை உதைக்கிறது, அதைப் பின்னால் பார்க்கலாம்.’ அவ்வளவுதான். ‘அறிக்கையை முடிக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால் காலையில் அதைப் பார்த்ததும் போனை எடுத்திருப்பேன். ‘கோப்பைத் திற, ஒரு வாக்கியம் எழுது’ என்றால் கை தானாகப் போகிறது. இரண்டாவது வரிதான் உயிர். அதில் ஒரு வினைச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள்: திற, கூப்பிடு, அனுப்பு, எண்ணு. ‘திட்டமிடு’, ‘யோசி’ எல்லாம் வேண்டாம். அவை வினைச்சொல் மாதிரி வேஷம் போடுபவை.

இதில் கூடுதல் லாபமும் உண்டு. முடியாத வேலை மனத்தின் ஓரத்தில் சுரண்டிக்கொண்டே இருக்கும். வேலையையே முடிக்காவிட்டாலும், எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதிவைத்தாலே அந்தச் சுரண்டல் தணிகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-ல் காட்டினார்கள். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 பேரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்துப் பார்த்ததில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனிச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களை விடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள்.

அப்புறம் காலை. முதல் 25 நிமிடம் தாளில் உள்ள வேலைக்கு மட்டும். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் கடைசியில், தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்து உருவாக்கியது. ‘பொமோடோரோ’ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. நான்கு சுற்று முடிந்ததும் நீண்ட ஓய்வு. நாள் முழுவதும் இதன்படி ஓடலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது செல்லுபடியாகவில்லை. பாதி நாள் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு சுற்று, காலையில், மோசமான நாளிலும் முடிகிறது. அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அந்த 25 நிமிடத்துக்குப் போன் வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைப்பது, சத்தத்தை அணைப்பது எல்லாம் பாதி வைத்தியம். எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றால் கை நீளாது.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடுவதில் மட்டும் யாரும் தேறுவதில்லை. 1994-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு 48.6 என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். அதாவது மோசமான நாளைக் கற்பனை செய்யச் சொன்னால்கூட நாம் கொஞ்சம் நல்ல நாளைத்தான் கற்பனை செய்கிறோம்! ஆகவே கற்பனையை நம்பாமல் பழைய கணக்கைப் பாருங்கள். போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆனது? அதையே இப்போதும் சொல்லுங்கள். ‘இந்தத் தடவை சீக்கிரம் முடிச்சிடலாம்’ என்று உள்ளே ஒரு குரல் வரும். போன தடவையும் அதே குரல்தான் வந்தது.

ஐந்தாம் படி: பேச்சு

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல இருக்கிறது. வேலைப் பழக்கம் தவறினால் ஒரு நாள் வீணாகும். பேச்சில் தவறினால் மனிதர்கள் விலகிப் போவார்கள்.

முதலில் கேட்பது. உரையாடலில் ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று பத்து மொழிகளில் அளந்திருக்கிறார்கள். 2009-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி பெரும்பாலும் ஏறக்குறைய 200 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரே ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர மூளைக்கு 600 மில்லிசெகண்ட் ஆகிறது. கணக்கு உதைக்கிறதா? எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்று அர்த்தம். இது கெட்ட எண்ணம் அல்ல, மூளை அப்படித்தான் ஓடுகிறது. சாதாரண அரட்டைக்கு அது போதும். ஒருவர் மனத்தில் இருப்பதைக் கொட்டும்போதுதான் அது காலை வாருகிறது.

என் தங்கை ஒரு நாள் போனில் அலுவலகத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்துக்குள் மூன்று வழி சொல்லிவிட்டேன். மேலதிகாரிக்கு எழுது, துறை மாறு, கண்டுகொள்ளாதே. சற்று நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: “அண்ணா, நான் வழி கேக்கல. சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்.” அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளிடம் இருந்து போன் இல்லை.

அன்றில் இருந்து ஒரு கேள்வி பழகியிருக்கிறேன். யாராவது பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினால், “நான் ஏதாவது யோசனை சொல்லணுமா, இல்ல சும்மா கேட்டுக்கிட்டு இருக்கட்டுமா?” முதல் இரண்டு தடவை நாடகம் மாதிரி இருந்தது. இப்போது அவளே “இன்னைக்கு யோசனை வேணும்ணா” என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறாள். இதன் கொக்கி, எதிராளியின் முதல் பெருமூச்சு. அளவு, ஒரு கேள்வி. எவ்வளவு களைத்த நாளிலும் ஒரு கேள்வி கேட்க முடியும்.

இன்னும் ஒரு படி போக விரும்பினால், பதில் சொல்லும் முன் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். “அதாவது, வேலை அதிகம்ங்கறது பிரச்சினை இல்ல, யாருமே கேக்காம உங்க தலையில கட்டினதுதான் கோபம், சரியா?” அவர் ‘ஆமாம்’ என்றால் இனிப் பேசலாம். ‘அப்படி இல்ல’ என்றால், நீங்கள் தவறான கேள்விக்குப் பதில் தயாரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்து எழுதி அனுப்புவது. வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ நாம் அனுப்பும் வரி, நம் காதில் கேட்ட அதே தொனியில் அடுத்தவர் காதிலும் கேட்கும் என்று நம்புகிறோம். 2005-ல் உளவியலாளர் ஜஸ்டின் க்ரூகரும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். கேலியாகவோ நிஜமாகவோ எழுதிய மின்னஞ்சல் வரிகளில் 78 விழுக்காட்டை, பெறுபவர் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். பெற்றவர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 56 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வந்துவிடும். எழுத்தில் கேலி வேண்டாம் என்பது என் கட்சி, நெருங்கிய நண்பர்களைத் தவிர.

ஒரு செய்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இப்படி வருகிறது:

‘சார், ஒரு விஷயம் பேசணும். எப்போ ஃப்ரீ?’

அனுப்பியவருக்கு இது பணிவு. பெற்றவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வேலையை விடப் போகிறாரா, ஏதாவது தவறு நடந்துவிட்டதா என்று பத்து நிமிடம் ஓடும். அதையே இப்படி எழுதலாம்:

‘சார், அவசரம் இல்லை. அடுத்த மாத அறிக்கையில் விற்பனைப் பகுதியை நான் எழுதட்டுமா, வேறு யாராவது எழுதுகிறார்களா? வியாழன் மாலைக்குள் தெரிந்தால் வெள்ளிக்கிழமை தொடங்கிவிடுவேன்.’

என்ன வேண்டும், எப்போதைக்குள், ஏன் என்ற மூன்றும் இருக்கின்றன. அவசரமா இல்லையா என்பது முதலிலேயே இருக்கிறது. பதிலை அவர் ஒரே வரியில் சொல்லிவிடலாம். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒரு கேள்வி: இதைப் படித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது இதில் இருக்கிறதா? அவ்வளவே பழக்கம். கோபத்தில் எழுதியது என்றால், பெறுபவர் பெயரை நிரப்பாமல் காலை வரை அப்படியே போட்டுவையுங்கள். காலையில் பாதி வரிகளை நீங்களே அழிப்பீர்கள்.

முடியாது என்று சொல்வது தனிக் கலை. நம் பேச்சில் ‘பார்க்கலாம்’ என்றாலே பாதி நேரம் முடியாது என்றுதான் பொருள். ‘ட்ரை பண்றேன்’ அதைவிட மோசம். சொல்பவருக்குத் தப்பித்த நிம்மதி, கேட்டவருக்கோ நான்கு நாள் காத்திருப்பு. நேராக முடியாது என்பதை விட, இந்தக் காத்திருப்புதான் உறவைக் கெடுக்கிறது. “இந்த வாரம் என்னால முடியாது. அடுத்த புதன்கிழமைக்கு மேல ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும், பரவாயில்லையா?” என்றால் முகம் கோணாது. ஒதுக்க முடியாவிட்டால் பின்பாதியை விட்டுவிடுங்கள். பொய்யான புதன்கிழமை வேண்டாம்.

குறை சொல்லும்போது இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்: ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’. “நீ எப்பவும் லேட்” என்றதும் எதிராளி நேரத்துக்கு வந்த ஒரு நாளைத் தேடிப் பிடித்து வாதாடத் தொடங்கிவிடுவார். “இந்த வாரம் மூணு நாள் அரை மணி நேரம் லேட் ஆச்சு, என்னாச்சு?” என்றால் பேச்சு அந்த மூன்று நாளைப் பற்றியே இருக்கும்.

ஆறாம் படி: உடலும் மனமும்

தூக்கத்தைச் சரிசெய்ய விரும்புபவர்கள் படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டுவார்கள். தூக்கத்தை வா என்று அதட்ட முடியாது. எழும் நேரத்தை அலாரம் வைத்துப் பிடித்து நிறுத்தலாம். விடுமுறை உட்பட எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுந்து, எழுந்ததும் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். சில நாள் பகலில் கண்ணைச் சொக்கும். பிறகு இரவில் தூக்கம் தானாக முன்னால் நகரும்.

காபி, தேநீர் குடிப்பவர்கள் கவனிக்க: குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகிறது. ஆளைப் பொறுத்து இது கூடும், குறையும். படுக்க 6 மணி நேரம் இருக்கும்போது 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013-ல் ஓர் ஆய்வு அளந்தது. ‘குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்’ என்பவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறையலாம்.

படுத்து இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? எழுந்து வெளியே வந்து, மங்கலான விளக்கில் சலிப்பான எதையாவது செய்யுங்கள். கண்ணைச் சொக்கினால் திரும்பிப் போங்கள். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-ல் முன்வைத்த இந்த முறை இன்றைக்கும் தூக்கமின்மைச் சிகிச்சையில் இருக்கிறது. படுக்கை என்றால் புரள்வது என்று உடல் பாடம் கற்றுக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான் இது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், இருபது நிமிடம் குத்துமதிப்பாக இருக்கட்டும்.

நடை, உடற்பயிற்சி பற்றிச் சுருக்கமாக. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. பழைய பரிந்துரையில் ஒவ்வொரு தடவையும் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர வேண்டும் என்று இருந்தது. 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாடி ஏறினாலும் கணக்குத்தான். மோசமான நாளுக்கு அளவெடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. போன் பேசும்போதெல்லாம் எழுந்து நடப்பது என்று ஒரு கொக்கி மாட்டிப் பாருங்கள்.

மனத்துக்கு எழுத்து உதவும், ஆனால் நாட்குறிப்பாக அல்ல. நாட்குறிப்பு எனக்கு மூன்று தடவையும் தோற்றது. நன்றாகப் போன நாளில் எழுத ஒன்றும் இல்லை, கெட்ட நாளில் எழுதத் தெம்பில்லை. எனக்கு ஒத்துவந்தது வேறு. ஏதோ ஒன்று உள்ளே அறுத்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தாளை எடுத்து, யாருக்கும் காட்டாமல், எழுத்துப்பிழை பார்க்காமல் பதினைந்து நிமிடம் எழுதுவது. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு நாள் தொடர்ந்து இப்படித்தான் எழுதச் சொன்னார். எழுதிய உடனே மனம் கனமாகத்தான் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். கிழித்துப் போட்டாலும் தவறில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்தே இருக்கிறது, பிடித்தவற்றில் நாட்டம் போய்விட்டது, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது பழக்கம் போட்டுச் சரிசெய்யும் விஷயம் அல்ல. மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள்.

ஏழாம் படி: அறுந்த பிறகு

அறுந்துபோகும். பயணம், காய்ச்சல், விருந்தாளிகள், ஏதோ ஒன்று வரும். அப்போது விட்ட நாட்களுக்கு வட்டி கட்டாதீர்கள். ஐந்து நாள் படிக்கவில்லை என்று ஆறாம் நாள் ஐந்து பங்கு படிக்க உட்கார்ந்தால் ஏழாம் நாள் புத்தகத்தைப் பார்க்கவே பிடிக்காது. பழைய அளவில், அரைப் பக்கத்தில் இருந்தே மறுபடி தொடங்குங்கள்.

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து எத்தனை நாள் செய்தோம் என்று பாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் பாதி நாளுக்கு மேல் விட்டுப்போயிருந்தால், முதலில் அளவைப் பாதியாக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கொக்கியை மாற்றுங்கள். அப்படியும் வரவில்லையா? அந்தப் பழக்கம் இப்போதைக்கு உங்களுடையது இல்லை, எடுத்துவிட்டு வேறொன்றை வையுங்கள். இரண்டாவது பழக்கத்தைச் சேர்ப்பது, முதலாவதைச் செய்தோமா என்றே நினைவில்லாமல் செய்து முடித்திருக்கும் நாட்கள் வந்த பிறகு. பல் துலக்கினோமா என்று யாரும் பெருமைப்படுவதில்லையே, அந்த மாதிரி.

என்னுடைய பதினொன்றின் இடத்தில் இன்று நிலைத்திருப்பவை மூன்று: மாலைத் தாள், காலையின் 25 நிமிடம், அந்த ஒரு கேள்வி. ஓட்டம் வரவேயில்லை, அதன் இடத்தில் போன் பேசிக்கொண்டே நடக்கிறேன். காலை 5 மணியை 6.30 ஆக்கிவிட்டேன். அதுவும் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் தகராறு செய்கிறது.